ஆக்சிஜன் சென்சார்: கெட்டது சென்சாரா, அது சொன்ன சேதியா?

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் பி0171 அல்லது பி0131 என்று ஒரு குறியீடு வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுச் சென்சார் போட்டு, குறியீட்டை அழித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ஒரே வாரத்தில் அதே விளக்கு, அதே குறியீடு. கழற்றிப் போட்ட பழைய சென்சாரில் பெரும்பாலும் ஒரு குறையும் இருந்திருக்காது. வேறெங்கோ இருந்த கோளாறை அது ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. சென்சார் கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பிப்போகும். விளக்கு எரியாது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14 கொடுக்கும், அப்புறம் 13. "பழைய வண்டிதானே, அப்படித்தான் குடிக்கும்" என்று உரிமையாளரும் விட்டுவிடுவார். முதல் ஆள் மாற்ற வேண்டாததை மாற்றுகிறார். இரண்டாவது ஆள் மாற்ற வேண்டியதை மாற்றாமல் அந்தப் பணத்தைப் பெட்ரோல் பங்கில் கொடுக்கிறார். இரண்டையும் பிரித்தறிய, அந்தச் சென்சார் எதைப் பார்த்து எதைச் சொல்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

விரல் நுனி அளவு பீங்கான்

பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் தம்பி மாதிரி இருக்கும் இது, சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ அதை ஒட்டிய குழாயிலோ திருகப்பட்டிருக்கும். உள்ளே விரல் நுனி வடிவத்தில் ஒரு பீங்கான். புதிய வகைகளில் தட்டையான சிறு பட்டை. இட்ரியம் கலந்த சிர்கோனியம் டை ஆக்சைடு அது. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் இன்ஜின் புகை படும், மறு பக்கம் வெளிக்காற்று. சுமார் 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியதும் இந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தத் தொடங்கும். இரு பக்கத்து ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் 'லீன்' நிலையில், 0.1 வோல்ட் அளவு வரும். ஆக்சிஜன் தீர்ந்து பெட்ரோல் மிஞ்சினால், அதாவது 'ரிச்' நிலையில், 0.9 வரை ஏறும். எல்லைக்கோடு 0.45.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே சீரான ஏற்றம் கிடையாது. படிக்கட்டில் ஒரே படி ஏறுவது போலத்தான். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான கலவை. அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டும் சென்சார் சொல்லும். எவ்வளவு தூரம் தள்ளி என்று சொல்லாது. எனவே இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியான இசியு ஊஞ்சல் ஆட்டுகிறது: சென்சார் 'ரிச்' என்றால் பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும், 'லீன்' என்றால் கொஞ்சம் கூட்டும், மறுபடி 'ரிச்'. சூடான இன்ஜினில் ஒரு நொடிக்குள் ஒன்றிரண்டு தடவை இந்த ஊஞ்சல் போய் வரும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் இந்த ஆட்டம் தேவை. லீன் நொடியில் அது ஆக்சிஜனைச் சேமித்துக்கொள்ளும். ரிச் நொடியில் அதைச் செலவழித்துக் கார்பன் மோனாக்சைடை எரிக்கும்.

கன்வெர்ட்டருக்காகத்தான் இந்தச் சென்சாரே பிறந்தது. 1976இல் போஷ் நிறுவனம் தயாரித்து, அமெரிக்கச் சந்தைக்குப் போன வோல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோல் கிடைத்த நாடுகளுக்குத்தான் அது போக முடிந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. இன்று பிஎஸ்6 ஸ்கூட்டரில்கூட இந்தச் சென்சார் இருக்கிறது.

இன்றைய பெட்ரோல் காரில் குறைந்தது இரண்டு இருக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது கலவையைத் தீர்மானிக்கிறது. ஸ்கேனரில் பேங்க் 1 சென்சார் 1 (பேங்க் என்பது ஒரு சிலிண்டர் வரிசை). பின்னால் இருப்பது கன்வெர்ட்டரை வேவு பார்க்கிறது. பேங்க் 1 சென்சார் 2. நம் ஊரில் ஓடும் மூன்று, நான்கு சிலிண்டர் கார்களில் பேங்க் 1 மட்டும்தான் என்பதால் குழப்பம் குறைவு. பெட்ரோல் செலவும் பிக்கப்பும் பெரும்பாலும் முன் சென்சாரின் கையில். பின் சென்சார் கெட்டால் விளக்கு எரியும். ஓட்டுகிறவருக்கு வேறு எதுவும் தெரியாமலே போகலாம்.

சென்சார் ஏமாறும் இடங்கள்

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று இந்தச் சென்சாருக்குத் தெரியாது. ஆக்சிஜன் ஒன்றுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். தவறான தீர்ப்புகளில் பாதி இதை மறப்பதால் வருகின்றன.

ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது. இரண்டும் அப்படியே சைலன்சருக்குப் போகும். சென்சாருக்கு அந்தக் காற்றின் ஆக்சிஜன் மட்டும் தெரியும். 'லீன்' என்று கத்தும். இசியு நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டும். ஏற்கெனவே எரியாத பெட்ரோல் நாறும் வண்டிக்கு இன்னும் பெட்ரோல். இந்த நிலையில் சென்சாரை மாற்றினால், புதுச் சென்சாரும் அதே பொய்யைத்தான் இன்னும் தெளிவாகச் சொல்லும்.

இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் ஓட்டை, அல்லது மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல். புகை வெளியே மட்டும்தானே போகும் என்று தோன்றும். ஆனால் புகை துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு சிறு இழுப்பு உண்டு. அந்த இழுப்பில் வெளிக்காற்று உள்ளே வரும். ஐட்லிங்கில் இது அதிகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் சென்சாரை விட்டுவிட்டு அந்த கேஸ்கட்டைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிக் கறுப்புப் புகைத் தடம் இருக்கும்.

சென்சார் உண்மையைச் சொல்லியும் திட்டு வாங்கும் சந்தர்ப்பங்கள் இதைவிட அதிகம். பி0171 என்பதன் பொருள் 'கலவை லீன்' என்பதுதான். 'சென்சார் கெட்டது' என்று அதில் எங்குமே இல்லை. வெடித்த வேக்யூம் ஹோஸ், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, அடைத்த பெட்ரோல் ஃபில்டர், தளர்ந்த பெட்ரோல் பம்ப், கசடு ஏறிய இன்ஜெக்டர் என எதுவும் அந்தக் குறியீட்டைக் கொண்டுவரும். பி0172 என்ற 'ரிச்' குறியீட்டுக்கும் அப்படியே: ஒழுகும் இன்ஜெக்டர், டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடப்பது. பி0420 வந்தால் 'பின் சென்சாரை மாத்துங்க' என்பார்கள். பின் சென்சார் சரியாக வேலை செய்தால்தான் பி0420 வரும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமிக்கும் திறனை இழந்துவிட்டது என்ற சேதி அது. (பின் சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் வைத்து விளக்கை அணைக்கும் வித்தையும் சந்தையில் இருக்கிறது. விளக்கு அணையும், கன்வெர்ட்டர் செத்தது செத்ததுதான்.)

சென்சாரையே நேரடியாகச் சுட்டும் குறியீடுகள் வேறு. பி0133 முன் சென்சார் மந்தம் என்பது. பி0134 அதனிடமிருந்து அசைவே இல்லை என்பது. பி0135 அதன் ஹீட்டர் மின்சுற்று, பி0141 பின் சென்சாரின் ஹீட்டர். பி0131, பி0132 இரண்டும் மின்னழுத்தம் ஓயாமல் குறைவு அல்லது ஓயாமல் அதிகம் என்பவை. இவற்றில் ஒயர் பழுதா, சென்சார் பழுதா, உண்மையிலேயே கலவைக் கோளாறா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ட்ரிம் எண்கள் சொல்வது

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் மாட்டி இசியுவின் தகவல்களைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றும் கைபேசியில் ஒரு செயலியும் போதும். அதில் ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் என்று இரண்டு சதவீதங்கள் தெரியும். முன்னது இந்த நொடியின் திருத்தம். பின்னது இசியு பழகி மனதில் வைத்துக்கொண்ட திருத்தம். கூட்டல் என்றால் பெட்ரோலைச் சேர்க்கிறது, கழித்தல் என்றால் குறைக்கிறது. இரண்டையும் கூட்டிய எண் 5க்குள் இருந்தால் நலம். 10 வரை பொறுக்கலாம். 25ஐ நெருங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் விளக்கு எரிந்துவிடும்.

இப்போது இதில் எத்தனால் கணக்கையும் சேர்க்க வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால் 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு சுமார் 14.1, 20 சதவீதத்துக்கு சுமார் 13.5. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று குறைவாகப் போதும். ஆக, இ10 பெட்ரோலுக்குப் பழகிய வண்டியில் இ20 நிரப்பினால் லாங் டெர்ம் ட்ரிம் 4 சதவீதம் அளவுக்கு மேலே ஏறுவது இயல்பு. மைலேஜும் கொஞ்சம் குறையும். இதைப் பார்த்துவிட்டுச் சென்சாரைச் சந்தேகிப்பது வீண். ஆனால் ஏற்கெனவே கூட்டல் 18இல் தள்ளாடிக்கொண்டிருந்த வண்டி, இ20 போட்டதும் 22ஐத் தாண்டி விளக்கை எரிய வைக்கலாம். அங்கே பழைய கோளாறு ஒன்று வெளியே தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

ட்ரிம் எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதுதான் கோளாறின் முகவரி. ஐட்லிங்கில் கூட்டல் 20, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 4 என்றால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐட்லிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்று குறைவு, அதனால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். வேகம் ஏறினால் அதே ஓட்டை கணக்கில் வராது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடேறும்போதோ வேகமெடுக்கும்போதோ கூட்டல் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர். எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூட்டலோ கழித்தலோ இருந்து, வேறு எங்கும் குறை தெரியாவிட்டால்தான் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் சிறிய கார்கள் நம் சாலைகளில் நிறைய. அவற்றில் வேக்யூம் ஹோஸ் விட்டுப்போனால் அந்த இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும், மேப் அதைப் பார்த்துவிடும், இசியு தானாகவே பெட்ரோலைச் சேர்த்துவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது. ஐட்லிங் மட்டும் 750இலிருந்து 1,100க்கு ஏறி நிற்கும். அந்த வண்டிகளில் ட்ரிம் எண்ணை மட்டும் பார்த்து 'ஏர் லீக் இல்லை' என்று சொல்லக்கூடாது.

இரண்டு நிமிடச் சோதனை

இன்ஜினை முழுக்கச் சூடாக்குங்கள். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டட்டும். நிறுத்தியபடி 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் வைத்திருந்து பேங்க் 1 சென்சார் 1இன் மின்னழுத்தத்தை வரைபடமாகப் பாருங்கள். மலிவான கருவிகளில் ஒரே நேரத்தில் பத்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாது. நல்ல சென்சாரும் மந்தமாகத் தெரியும். எனவே இந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 0.1இலிருந்து 0.9 வரை ஏறி இறங்க வேண்டும். 10 நொடியில் எல்லைக்கோட்டை எட்டு முறையாவது தாண்ட வேண்டும். 0.3க்கும் 0.6க்கும் நடுவில் மட்டும் சோம்பலாக அலைந்தால் சென்சார் கிழடாகிவிட்டது.

அடுத்தது சாலையில், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கட்டும். காலியான சாலையில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் இசியு கலவையை ரிச் ஆக்கும், சென்சார் 0.85க்கு மேல் போக வேண்டும். பிறகு கியரை மாற்றாமல் காலை முழுக்க எடுத்துவிடுங்கள். வண்டி தானாக உருளும்போது இசியு பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சைலன்சரில் வெறும் காற்று. சென்சார் அந்தக் கணமே 0.1க்குக் கீழே விழ வேண்டும். மேலேயும் கீழேயும் இப்படிப் பட்டென்று போய்வருகிற சென்சாரை மாற்றுவது வீண் செலவு. மேலே போகிறது, கீழே விழ மூன்று நான்கு நொடி எடுக்கிறது என்றால் அதுதான் சோம்பல் சென்சார். எங்கே போனாலும் 0.45இலேயே நிற்கிறது என்றால், சென்சார் பேசவே இல்லை, அந்த 0.45 பல வண்டிகளில் இசியு தானாக அந்த ஒயரில் வைத்திருக்கும் மின்னழுத்தம். கனெக்டர், ஒயர், ஹீட்டர் மூன்றையும் பாருங்கள்.

மின்னழுத்தம் எப்போதும் 0.1 என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் கொஞ்சம் எல்பிஜி வாயுவைக் காட்டினால் கலவை செயற்கையாக ரிச் ஆகும் என்று பட்டறைகளில் செய்வார்கள். தீப்பற்றும் வேலை, வீட்டில் முயல வேண்டாம், முழு ஆக்சிலரேட்டர் சோதனையே போதும். மின்னழுத்தம் மேலே ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, இன்ஜின்தான் உண்மையில் லீன். ஏறவே இல்லை, ஆனால் பிளக் கறுத்திருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் சென்சார் பொய் சொல்கிறது.

இந்தப் பொய்யைப் பிடிக்க வெளிச் சாட்சி ஒன்றும் உண்டு: புகைச் சான்றிதழ் கொடுக்கும் நிலையம். பிஎஸ்4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம் அளவில் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையில். சரியான கலவைக்கு லாம்டா 1; அதற்குக் குறைந்தால் ரிச், கூடினால் லீன். இந்த லாம்டா எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடைக் குறைத்துக் காட்டினாலும் லாம்டாவை மாற்ற முடியாது. இசியு கூட்டல் 20 சேர்த்துக்கொண்டிருக்க, லாம்டா 0.92 என்றால் வண்டி உண்மையில் ரிச். சென்சார் ஏமாற்றுகிறது அல்லது ஏமாற்றப்படுகிறது. கூட்டல் 20உடன் லாம்டா 1.00 என்றால் சென்சார் சரி, காற்றிலோ பெட்ரோலிலோ குறை. சைலன்சரில் ஓட்டை இருந்தால் இந்த எண்ணும் பயன்படாது.

ஹீட்டர் என்ற தனி வியாதி

நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு ஒயர் ஒரே நிறத்தில் இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அவை ஹீட்டருக்கு. பல தயாரிப்புகளில் கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். ஹீட்டர் செத்தாலும் சென்சார் முழுக்கச் சாகாது. நெடுஞ்சாலையில் புகையின் சூட்டிலேயே வேலை செய்யும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் ஆறிப்போய் மௌனமாகிவிடும். ஊருக்குள் மட்டும் விளக்கு எரிகிறது, மைலேஜ் ஊருக்குள் மட்டும் விழுகிறது என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான்.

பி0135 வந்தால் முதல் வேலை ஃபியூஸ் பெட்டியைத் திறப்பது. அடுத்து கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டரால் ஓம் அளவிடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது தயாரிப்பைப் பொறுத்துச் சில ஓம்களிலிருந்து 15 ஓம் வரை காட்டும். முடிவிலி என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சரியாக இருந்தால் வண்டிப் பக்கத்து கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் இன்ஜின் ஓடினால் மட்டும் வரும். சிக்னல் முனைகளில் ஓம் அளவிடக் கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் பீங்கானுக்கு ஆகாது.

எதனால் சாகிறது

ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றை ஒயர் சென்சார் 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை ஓடும். இன்றைய ஹீட்டர் வகைகள் 1,60,000 வரை தாங்கும். அதற்கு முன்பே செத்தால் அநேகமாக யாரோ கொன்றிருக்கிறார்கள். கழற்றிய சென்சாரின் நுனி நிறம் பிரேதப் பரிசோதனை மாதிரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் வண்டி நெடுநாள் ரிச்சாக ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்போ பழுப்போ என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் நுண்துளைகள் மேல் கண்ணாடி மாதிரி படியும். வெள்ளைப் படிவு சிலிக்கானின் கையெழுத்து: ஒன்று, கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது, இரண்டு, கேஸ்கட் போடும்போது சென்சாருக்கு ஆகாத மலிவான சிலிகான் பசை பூசியிருக்கிறார்கள். செங்கல் நிறம் என்றால் இரும்புச் சேர்மம் கலந்த ஏதோ ஆக்டேன் பூஸ்டரின் வேலை.

சிலிக்கான் எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பதற்கு 2007 பிப்ரவரி இறுதியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் நடந்தது சாட்சி. நன்றாக ஓடிய கார்கள் திடீரென்று திக்கித் திணறின. ஆயிரக்கணக்கான வண்டிகள் பட்டறைக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஆக்சிஜன் சென்சார் செத்திருந்தது. பெட்ரோலில் சிலிக்கான் சேர்மம் கலந்திருந்தது பின்னர் தெரிந்தது. சூட்டில் அது சிலிக்காவாக மாறிப் பீங்கானை மூடிவிடுகிறது. ஆக்சிஜன் உள்ளே போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை.

நம் ஊர் மழைக்காலத்தில் இன்னொரு எமன். நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும் பீங்கான்மேல் தண்ணீர்த்துளி பட்டால் விரிசல் விடும். முழங்கால் தண்ணீரில் வேகமாக விட்டு ஓட்டியதற்கு அடுத்த நாள் பி0131 வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். விரிசல் வழியே புகை உள்பக்கக் காற்றோடு கலந்துவிடும்; வேறுபாடு மறைந்து மின்னழுத்தம் படுத்துவிடும்; இசியு லீன் என்று நம்பிப் பெட்ரோலை ஊற்றும். கீழே போட்ட சென்சாருக்கும் இதே கதிதான். வெளியே ஒரு கீறலும் தெரியாது.

மாற்றும்போது

வண்டியில் அகலப் பட்டை எனப்படும் வைடுபேண்ட் சென்சார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து அல்லது ஆறு ஒயர் இருந்தால் அதுவாக இருக்கும். நான்கு ஒயரிலும் சில தயாரிப்பாளர்கள் செய்திருக்கிறார்கள். அது ஊஞ்சல் ஆடாது, கலவையின் அளவையே சொல்லும். மேலே சொன்ன 0.1, 0.9 கணக்கு அதற்குப் பொருந்தாது. நேர்கோடாக நிற்பதைப் பார்த்து 'செத்துப்போச்சு' என்று கழற்றிப்போட்டவர்கள் உண்டு. ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையை மாட்டவும் முடியாது. முன் சென்சாரையும் பின் சென்சாரையும் இடம் மாற்றக்கூடாது.

பெரும்பாலான கார்களில் மரை 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச், ஸ்பேனர் அளவு 22. ஒயர் வெளியே வரப் பக்கவாட்டில் பிளவுள்ள தனி சாக்கெட் கிடைக்கும். கடலோர ஊர் வண்டிகளில் துருப் பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருப்பினால் மரை பிழைக்கும். புதுச் சென்சாரின் மரையில், சூட்டில் ஒட்டிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை பெரும்பாலும் தடவியே வரும். இல்லையென்றால் அதை மரையில் மட்டும் தடவுங்கள். நுனியில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. இறுக்கம் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

கனெக்டர் வெட்டிய பொதுவகைச் சென்சார் வாங்கினால் ஒயர்களைச் சால்டர் செய்ய வேண்டாம்; கூடவே வரும் கிரிம்ப் இணைப்பால் அழுத்திச் சேருங்கள். பல சென்சார்களில் வெளிக்காற்று ஒயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸோ சிலிகான் ஸ்ப்ரேயோ அடிக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

எல்பிஜி அல்லது சிஎன்ஜி கிட் வெளியே போட்ட வண்டியாக இருந்தால் கிட்டில் எமுலேட்டர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்சாரின் சிக்னலுக்குப் பதிலாகப் போலி ஊஞ்சல் ஒன்றை அது இசியுவுக்குக் காட்டும். வாயுவில் ஓட்டும்போது ஸ்கேனரில் தெரிவது அந்தப் போலியாகவும் இருக்கலாம். சோதனையைப் பெட்ரோலில் மட்டும் செய்ய வேண்டும்.

மாட்டியதும் குறியீட்டை அழித்து, லாங் டெர்ம் ட்ரிம்மையும் ஸ்கேனரில் பூஜ்யமாக்குங்கள். பழைய சென்சார் சொன்ன பொய்யை வைத்துப் பழகிய திருத்தம் அதில் இருக்கிறது. அழிக்காவிட்டால் முதல் சில நாள் வண்டி தடுமாறும். மாற்றுவதற்கு முன் ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் இருந்த ட்ரிம் எண்களைக் குறித்து வைத்திருந்தால், ஒரு முழு டேங்க் பெட்ரோல் ஓடிய பிறகு அதே இரண்டு எண்களை மறுபடி எடுங்கள். 5க்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய இடத்திலேயே நின்றால், கழற்றிய சென்சாரைத் தூக்கிப் போட வேண்டாம். அது நல்லதாகத்தான் இருக்கும்.